பூ வைக்காத வண்டி

என் வண்டியைக் குறை சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. அதனால் முதலில் நானே சொல்லிவிடுகிறேன். பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும். பின்சீட்டில் நெட்டையானவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். ஜீப் உயரம், ஆனால் ஏறுவதற்குப் படி கிடையாது. உபரி டயரைப் பின்கதவில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தக் கதவோ பக்கவாட்டில் திறக்கும். பாசாரில் எவனாவது பின்னால் ஒட்டி நிறுத்திவிட்டால், வாங்கிய காய்கறியை முன்கதவு வழியாகத்தான் உள்ளே தள்ள வேண்டும். வெயிலில் விட்டுப்போனால் அந்த உயர்ந்த தோல் சீட்டு தோசைக்கல்தான்.

சரி, நிறைக்கு வருவோம். உட்கார்ந்தால் முன்னால் போகிற கார்களுக்கு மேலே ரோடு தெரியும். கிள்ளானில் ஒரு மழை பெய்து ரோடெல்லாம் கால்வாயாகி, பளபளக்கும் பெரிய கார்கள் ஓரங்கட்டி நிற்கும்போது, இது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பிரிக்பீல்ட்ஸ் சந்துக்குள் ஒரே மடக்கில் திரும்பும். கதவைச் சாத்தினால் லோரிச் சத்தம்கூட வெளியே நின்றுவிடும். நாள் முழுக்கத் துறைமுக இரைச்சலில் கிடந்தவளுக்கு அதைவிட என்ன சொகுசு வேண்டும்?

தொண்ணூறுகளின் கடைசி அது. கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். ஜப்பானிலிருந்து கப்பலில் இறங்கிய பழைய கார்களின் வரிசையில் இது நின்றது. பார்த்தவுடன் பிடித்துப்போனது. கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. யாரையும் கேட்காமல் வாங்கினேன்.

அண்ணன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்கதவு டயரைக் காலால் தட்டினார்.

"என்னா இது? காரும் இல்ல, ஜீப்பும் இல்ல, ரெண்டுங்கெட்டானா இருக்கு! தனியா இருக்கிற பொம்பளைக்கு ஒரு சின்னக் காரு பத்தாதா? ஊரு என்னா பேசும்?"

"ஊருக்கு வாய் இருக்கு, பேசட்டும்ணே. எனக்கு லைசன்ஸ் இருக்கு, ஓட்டுறேன் லா."

அதற்கப்புறம் வருஷக்கணக்காக அவர் என் வண்டியில் ஏறவில்லை. அவருடைய மகள் மட்டும் ஏறுவாள். சின்னப் பிள்ளையிலிருந்தே என்னோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்தவள். முன்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, ராணி மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தம் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில். எந்தக் காரில் பெண் போவது என்ற பேச்சு வந்ததும், "நான் அத்தை வண்டியிலதான் போவேன்" என்றாள்.

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பூ வைக்காத வண்டியில கல்யாணப் பொண்ணு ஏறக்கூடாது" என்றார்.

"அப்ப பூ வைங்க" என்றேன்.

அண்ணி கையிலிருந்த வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தாலியறுத்தவளின் வண்டிக்குப் பூ எப்படி வைப்பது? அதுதான் விஷயம். அதை வாயால் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். கருமாதி அன்று என் தலையிலிருந்த பூவை உருவி எடுத்தபோது மட்டும் இந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது? எடுக்கட்டுமா என்று ஒருத்தர் என்னைக் கேட்கவில்லை.

"நீ கடைசியா வா" என்றார் அண்ணன். "எல்லா வண்டியும் போனப்புறம் கெளம்பு. எதிர்ல மட்டும் வந்துறாத."

கல்யாணத்தன்று காலையில் கிள்ளானில் அவர் வீட்டு வாசலில் அவருடைய நீளமான கார் நின்றது. ரோஜாவும் சாமந்தியுமாக அடுக்கடுக்காகப் பூவைக் கட்டி, முகப்பு முழுக்கப் பாய் விரித்த மாதிரி மூடியிருந்தார்கள். நம் ஆட்கள் செய்கிற வேலைதான். இன்ஜினுக்குக் காற்று போக ஒரு விரல் இடம் விடவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"அண்ணே, முன்னால கொஞ்சம் பூவ எடுத்துருங்க. ஜேம்ல மாட்டினா சூடாகி நின்னுரும்."

"கெளம்பும்போதே நிக்கும்னு சொல்றியா? வாயக் கழுவு!"

கழுவவில்லை. மூடிக்கொண்டேன். சொந்தபந்தங்களின் பஸ்ஸும் கார்களும் முன்னால் போய்விட்டன. அண்ணனும் அண்ணியும் பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். உத்தரவுப்படி நான் கடைசியில், தனியாக.

பாதி வழியில், சுங்கை வே நெருங்கும்போது ரோட்டு வேலை. கார்கள் ஊர்ந்தன. நான் உட்கார்ந்திருந்த உயரத்துக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முன்னால் அண்ணன் காரிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. பூவுக்கு நடுவே ஆவி சீறியது. கார் ஓரமாக இழுத்துக்கொண்டு போய் நின்றுவிட்டது. நானும் பின்னாலேயே நிறுத்தி இறங்கினேன்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்மேல் பாய்ந்தார். "எல்லாம் உன் கருநாக்கு!"

"என் நாக்கு கருப்புன்னா, அது உங்க ரேடியேட்டருக்கு எப்படிணே தெரிஞ்சிச்சு?"

அவர் திரும்பிக்கொண்டு டாக்சிகளுக்குக் கை காட்டினார். ஒன்றும் நிற்கவில்லை. என் வண்டி பக்கத்திலேயே நிற்கிறது, ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, மனுஷன் வெயிலில் டாக்சி தேடுகிறார்! அண்ணி மணியைப் பார்த்துப் பார்த்து அழத் தொடங்கினார். "முகூர்த்தம் தவறிப்போச்சுன்னா என் பொண்ணு கதி என்னாங்க?"

காரிலிருந்து பெண் இறங்கினாள். பட்டுப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக வந்து என் வண்டியின் முன்கதவைத் திறந்தாள்.

"நில்லும்மா" என்றேன். "பூ வைக்காத வண்டியில கல்யாணப் பொண்ணு ஏறக்கூடாது. உங்கப்பா சொன்னது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவைப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்து நின்றாள். நானும் பார்த்தேன். முகூர்த்தம் தவறினால் பழி என் தலையில்தான் விடியும் என்று தெரியும். இருந்தாலும் அசையவில்லை.

அண்ணன் ரோட்டைப் பார்த்தார். ஆவி விடும் தன் காரைப் பார்த்தார். பிறகு போய், சூட்டில் வதங்காத ஒரு மாலையைத் தேடி அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"முன்னால கட்டாதீங்க. இதுவும் நின்னுறப் போவுது. பின்னால போங்க."

அவர் பின்பக்கம் போனார். முன்பு காலால் தட்டிய அதே டயருக்குத் தன் கையால் மாலை போட்டார். பிறகு, படி இல்லாத வண்டி அல்லவா, மகளைத் தாங்கி முன்சீட்டில் ஏற்றிவிட்டதும் அவர்தான். பின்சீட்டில் அண்ணி பக்கத்தில் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால் முகவாயில் இடிக்க, பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வந்தார். கெட்டிமேளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். இறங்கும்போது பெண் என் கையை விடவில்லை. நானும் உருவிக்கொள்ளவில்லை. அப்படியே எல்லோருக்கும் எதிரே உள்ளே நடந்தேன்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் அண்ணன் போன் செய்தார். மாலையோடு நான் கிள்ளானைச் சுற்றுவதைப் பார்த்து நாலு பேர் கேட்டார்களாம்.

"அந்தப் பூவ எடுத்துரேன் லா."

"நான் போடலையேண்ணே. போட்டவங்க வந்து எடுங்க. ஆனா இந்தத் தடவ என்னைக் கேட்டுட்டு எடுங்க."

அவர் வரவில்லை. மாலை காய்ந்து சருகாகி, கடைசி இதழ் தானாக உதிரும்வரை அந்த டயரிலேயே கிடந்தது.