மெசினும் நானும் ஒளிந்திருந்த காலம்

தையல் தொழிலில் இருக்கிறவளுக்குத் தோட்டத்தில் யார் மெலிந்தார்கள், யார் பெருத்தார்கள் என்பது அவரவர் வீட்டாருக்கு முன்பே தெரிந்துவிடும். அதேபோல, தையல்காரி எங்கே கடன் எடுத்தாள், எத்தனை மாதமாகக் கட்டவில்லை என்பது தோட்டத்துக்கும் தெரிந்துவிடும்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றின் முன்பக்கத்தில் மெசின் போட்டு பிளவுஸும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் தைக்கிறேன். அந்த மெசின் வாங்கத்தான் ஒரு கம்பனியில் கையெழுத்து வைத்துக் கடன் எடுத்தேன். கொஞ்சக் காலம் ஒழுங்காகக் கட்டினேன். பிறகு சாமான் விலை ஏறியது, கரண்ட் போய்ப் போய் வந்தது, கொழும்பில் கட்டட வேலைக்குப் போன வீட்டுக்காரருக்கும் வேலை குறைந்தது. ஒரு தவணையை விட்டேன். விட்டதைச் சொல்ல வெட்கப்பட்டு அடுத்ததையும் விட்டேன். அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. தவணைக்காரரின் மோட்டார் சைக்கிள் எந்த வளைவில் வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லத் தெரிந்த அக்கா தங்கச்சிமாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மேசைக்கு அடியில்

துணி வெட்டும் மேசையில் ஒரு பழைய சேலையை விரித்து, நாலு பக்கமும் தரை வரை தொங்க விட்டிருந்தேன். கேட்பவர்களிடம், துணியில் தூசி படாமல் இருக்க என்று சொல்வேன். உண்மையில் அது நான் உள்ளே உட்காருவதற்கு. கொக்கி தைக்கிற வேலையை அங்கேயே செய்து பழகிவிட்டேன்.

கம்பனியிலிருந்து வருகிறவர் பெயர் சுதாகரன். சத்தம் போடாத மனிதர். அதுவே எனக்குப் பெரிய பயம். சத்தம் போடாதவர் மனதுக்குள் என்ன வைத்திருக்கிறாரோ, யாருக்குத் தெரியும்? ஒரு நாள் அவர் வந்த நேரம் மேல் லயத்துப் பாக்கியம் பிளவுஸ் வாங்க வந்து நின்றாள். கொழுந்தெடுக்கிறவள், அடுத்த மலைக்குக் கேட்கிற குரல். "அக்கா இல்லைங்க சேர், பதுளைக்குப் போயிட்டாங்க" என்று அழகாகச் சொன்னாள். அதோடு விட்டாளா? குனிந்து மேசையைப் பார்த்து, "கொக்கி வச்சிட்டீங்களாக்கா?" என்றாள். கையில் ஊசியோடு இருந்த நானும், "இன்னும் ரெண்டு இருக்கு, இரு" என்று சொல்லிவிட்டேன்.

சுதாகரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே பாக்கியத்திடம் சொன்னார்: "பரவாயில்லையே, பதுளையில இருந்து பேசினாலும் நல்லாத்தான் கேக்குது."

முத்தல் கொழுந்து

வாசலைத் தாண்டிப் போகும்போது அவர் பாக்கியத்திடம் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனாராம்: அடுத்த மாதம் மனேஜரும் கூட வருவார். அந்தப் பேச்சு கோயிலடிக்குப் போனபோது மனேஜரோடு பொலிஸும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் பிடிக்கிற பைப்படியைச் சுற்றி என் காதுக்கு வந்தபோது, லொறி கொண்டுவந்து மெசினைத் தூக்கப் போகிறார்கள் என்று ஆகியிருந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. மெசின் போனால் எனக்கு வேறு கைத்தொழில் கிடையாது. கொழுந்து மலைக்குப் போக முழங்கால் இடம் கொடுக்காது.

அதனால் மறுநாள் மெசினின் தலையைக் கழற்றி, பாக்கியம் கொடுத்த கொழுந்துச் சாக்கில் போட்டுக் கட்டினேன். பொழுது சாயும் நேரத்தில் கொழுந்துக்காரிகளோடு சேர்ந்து நடந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பது எங்கள் திட்டம். ஆனால் மேல் லயத்துக்குப் போகிற பாதை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டித்தான் போகிறது. அதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை. கணக்கப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். "இந்தாம்மா, நிறுக்காம எங்க போற? தராசுல மாட்டு." மாட்டினேன். முள் போன போக்கைப் பார்த்து, "என்னம்மா இது, கொழுந்தா கருங்கல்லா?" என்றார்.

பாக்கியம்தான் நிதானமாகப் பதில் சொன்னாள்: "புதுசா எடுக்கிறவங்கய்யா, கொஞ்சம் முத்தலும் கலந்திருச்சு."

தீபாவளிக்கு ரிப்பேர்

கணக்கப்பிள்ளை சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். மெசின் பாக்கியத்தின் வீட்டில், விறகுக் கட்டுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. நான் ஒரு பாரம் இறங்கியதுபோல வீட்டுக்கு வந்தேன்.

அப்போதுதான் தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுத்தார்கள். தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் துணியோடு என் வாசலில். வருடம் முழுவதும் பார்க்காத வேலை அந்த மூன்று வாரத்தில் வரும். மெசின் ரிப்பேர் என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு துணியாகத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் பண்டாரவளைக்கு பஸ் ஏறினார்கள். சுதாகரன் மனேஜர் இல்லாமல் தனியாகத்தான் வந்தார்; அப்போதும் மேசைக்கு அடியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். தைக்கக் கொக்கிகூட இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் பாக்கியம் ஒரு சுண்டு அரிசியோடு வந்தாள். என் அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒளிஞ்சுக்கிட்டா யாருக்கா சம்பாதிக்கிறது? ஒண்ணு மெசின் ஒளியட்டும், இல்லாட்டி நீங்க ஒளிங்க."

படிக்கட்டு

கடனில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் காசு வாங்காமல் வழி சொல்கிற ஒரு அலுவலகம் பதுளையில் இருப்பதாக அவள்தான் விசாரித்து வந்தாள். இரண்டு தடவை அந்தப் படிக்கட்டு வரை போய், நூல் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மூன்றாம் தடவை பாக்கியம் என் பின்னால் ஏறினாள். ஒடுக்கமான படிக்கட்டு அது. அவளைத் தாண்டி யாரும் இறங்க முடியாது.

உள்ளே இருந்த மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். "இருங்கோ அம்மா" என்றார். நான் நூல் விலையைச் சொன்னேன், கரண்ட் போனதைச் சொன்னேன், முழங்கால் வலியைச் சொன்னேன். கடனை மட்டும் சொல்லவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப கடன் எவ்வளவு நிக்குது?" என்றார். தெரியாது என்றேன். "தெரியாட்டில் என்ன, கம்பனியைக் கேட்டால் சொல்லுவினம்." அந்த ஒரு சொல்லில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு மெசின் கதையும் வந்துவிட்டது.

மிஸ் பேனாவை வைத்துவிட்டார். மெசினை நான் ஈடு வைக்கவில்லை, நீதிமன்றம் சொல்லாமல் யாரும் வந்து அதைத் தூக்க முடியாது என்று இரண்டு தடவை விளங்கப்படுத்தினார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "கம்பனிக்காரர் பறிக்க முதல் நீங்களே பறிச்சுப்போட்டியள் அம்மா."

மனேஜர் முன்னால்

மிஸ் கம்பனியோடு பேசி, மனேஜரைச் சந்திக்க ஒரு நாள் எடுத்துக் கொடுத்தார். "வாயால சொல்லக்கூடிய காசைச் சொல்லாதேங்கோ, கையால கட்டக்கூடிய காசைச் சொல்லுங்கோ" என்று பாடம் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் போகும்போது முழு வழியும் என்னால் கட்டக்கூடிய தொகையை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். ஏச்சு வாங்கத் தயாராக ஒரு கைக்குட்டையும் கொண்டுபோனேன்.

மனேஜர் ஏசவில்லை. தண்டமாக ஏறிய வட்டியில் பாதியை விடலாம் என்றார். மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த மரியாதையைக் கண்டதும் எனக்கு வெட்கம் பொறுக்கவில்லை. பாடம் செய்த தொகை பறந்துபோய், அதைப் போல் இரண்டு மடங்கு வாயில் வந்துவிட்டது. மனேஜர் எழுதப் போனார்.

பக்கத்தில் நின்ற சுதாகரன்தான் குறுக்கே பேசினார்: "அக்கா, கொறச்சு சொல்லுங்க. அந்தக் காசை நீங்க கட்டமாட்டீங்க, நான்தான் திரும்பத் திரும்ப மலை ஏறணும்."

முதல் தவணை

மெசினைப் பகல் வெளிச்சத்தில் தலையில் வைத்துக்கொண்டு இறக்கினோம். விறகுத் தூசியைத் துடைத்து எண்ணெய் விட்டதும் ஓடியது. தீபாவளி போனாலும் கல்யாணங்கள் இருந்தன. முதல் தவணைக்கான காசு சேர்ந்தபோது, அதை மூன்று தடவை இடம் மாற்றி வைத்தேன்.

தவணை நாள் காலையிலேயே குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். பத்து மணிக்கும் மோட்டார் சைக்கிளைக் காணோம். மத்தியானமும் காணோம். கணக்கை மூடிவிட்டார்களோ, மனம் மாறி வழக்குப் போட்டுவிட்டார்களோ, அவருக்குத்தான் வளைவில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கடைசியில் நானே போன் எடுத்தேன். கடன்காரருக்கு நான் எடுத்த முதல் போன் அது. "தம்பி, ஏன் இன்னும் வரல்ல? காசோட காத்துக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பக்கம் கொஞ்சம் இருமல், அதற்குப் பிறகு குரல்: "அக்கா, தவணை நாளைக்குத்தான். போய் சாப்பிடுங்க."

இத்தனைக்கும் பிறகு கூட்டிப் பார்த்தால், வாங்கிய கடனுக்குக் கட்டிய வட்டியைவிட, யாரிடமும் வாங்காத ஏச்சுக்கு நான் கட்டிய வட்டிதான் அதிகம்.