புகைபோக்கிக்குள் இருந்த தகடு

தம்மாமில் நான் வேலை பார்க்கும் கடை சின்னது. ஏசி, பிளம்பிங், டைல்ஸ், பெயின்ட் என்று வீட்டு வேலை எது வந்தாலும் எடுப்போம். ஏசி மெக்கானிக்காக வந்தவன் நான். இப்போது ஃபோர்மேன். குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டில் ஹாலைப் புதுப்பிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. அந்த ஹாலின் நடுச்சுவரில் ஒரு பழைய கணப்பு இருந்தது.

கணப்பு என்றால் விறகு எரித்துக் குளிர் காயும் அடுப்பு. சவூதியில் கொஞ்சம் வசதியான வீடுகளில் இதைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் ஆண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, அந்த நெருப்பிலேயே காவா என்ற அரபுக் காபி வைத்துக் குடிப்பார்கள். இந்த வீட்டுக் கணப்பு பழுப்பு டைல்ஸ் ஒட்டி, இரண்டு பக்கமும் காவா குடுவைகள் வைக்கும் படிகளோடு சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. குடுவைகளுக்குப் பதிலாகத் தொலைபேசி ரசீதுகளும் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியும் இருந்தன. நெருப்பு எரிய வேண்டிய குழிக்குள் ஒரு கரன்ட் ஹீட்டர்.

வேலை என்னவென்று ஆசிரியரின் மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டார். பழுப்பு டைல்ஸ் போக வேண்டும். சுவர் முழுவதும் வெள்ளை மார்பிள், நடுவில் டிவி, அதன் கீழே நெருப்பு போலவே தெரியும் எலக்ட்ரிக் பெட்டி. பெட்டியை வாங்கி அட்டை பிரிக்காமல் வைத்திருந்தார். மேலே மொட்டைமாடியில் புகைபோக்கியை நிரந்தரமாக அடைத்துவிட வேண்டும்.

“இதுல நெருப்பே வைக்கிறதில்லையா உஸ்தாத்?” என்று ஆசிரியரிடம் கேட்டேன். உஸ்தாத் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள்.

அவர் அரபியும் உருதுவும் கலந்து சொன்னார். “ஒரே ஒரு தடவை வெச்சோம். பதினெட்டு வருஷம் ஆச்சு. எங்க அண்ணன் தன் கையாலேயே கட்டினது. துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர், லீவுல ஒவ்வொரு செங்கலா வெச்சாரு. முதல் குளிருக்குச் சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டோம். பத்த வெச்ச ரெண்டு நிமிஷத்துல புகை பூரா உள்ளே. எல்லாரும் இருமிக்கிட்டே வெளியே ஓடுறாங்க. சிரிப்புன்னா அப்படிச் சிரிப்பு. கலாஸ், அன்னிக்கோட சரி.”

“உங்க அண்ணன்?”

“அவருக்குக் கோபம். வீட்டுக்கு வருவாரு, போவாரு. இந்த ஹால்ல மட்டும் உட்கார மாட்டாரு.”

இதைக் கேட்டபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கட்டத் தெரியாமல் கட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அளவெடுக்கப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் புகைபோக்கியை அடைக்க மாடிக்கு ஏறினேன். என்னோடு எங்கள் டைல்ஸ் மேஸ்திரி வந்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். புகைபோக்கியின் தலையில் சிமென்ட் மூடி, அதன் கீழே நாலு பக்கமும் புகை வெளியேறத் திறப்பு, திறப்புகளில் புறா நுழையாமல் கம்பி வலை. மேஸ்திரி ஒரு பக்கத்து வலையைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டார்.

“அண்ணே, இது ஏற்கனவே அடைச்சுல்ல கெடக்கு.”

உள்ளே ஒரு விரல் கனத்துக்கு மணல். அதைத் துடைத்தால் தகரத் தகடு, சுற்றிலும் சிலிக்கான் பூசி ஒட்டியிருந்தது. மேஸ்திரி கத்தியால் கீறி அதைப் பெயர்த்து வெளியே எடுத்தார். கையால் மறுபடி துடைத்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“தமிழ்ல எழுதியிருக்கு அண்ணே! யாரோ நம்மாளுதான். ‘குளிருக்கு முன்னே எடுக்கணும்.’ யாரு இந்தப் புண்ணியவான்?”

தகட்டை வாங்கிப் பார்த்தேன். ஆணியால் கீறிய எழுத்து. ‘ளி’யின் மேல் வளைவை நான் எப்போதும் கொஞ்சம் பின்னால் இழுத்து எழுதுவேன், பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். அந்த வளைவு அப்படியே இருந்தது.

அப்போதுதான் அந்த மாடி எனக்கு அடையாளம் தெரிந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன் வேறொரு கம்பெனியில், சவூதிக்கு வந்த முதல் கோடையில், ஒரு நாளைக்கு மூன்று வீடு என்று ஏசி மாட்டிக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் புகைபோக்கி வழியாக மணலும் சூடும் ஹாலுக்குள் இறங்குவதாகச் சொன்னார்கள். கோடை முடியும் வரைக்கும் ஒரு தகடு போட்டு அடை என்று என் சீனியர் சொன்னார். மறந்துவிடக் கூடாதென்று அதிலேயே எழுதியும் வைத்தேன். வீட்டுக்காரர்களிடம் சொல்லத் தோன்றவில்லை. குளிர் வருவதற்குள் கல்யாணத்துக்கு லீவில் ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது என்னை ஜுபைலுக்கு மாற்றியிருந்தார்கள். அந்தத் தகடு அதன் பிறகு என் நினைவில் ஒருநாள்கூட வந்ததில்லை. மாடியில் புதிதாக ஒரு அறை எழும்பியிருந்தது, தெருவும் மாறியிருந்தது. அதனால் வீட்டை அடையாளம் தெரியவில்லை.

மேஸ்திரியிடம் எதுவும் சொல்லவில்லை. தகட்டை ஒரு சாக்கில் சுற்றி வண்டியில் போட்டேன். “இன்னிக்கு அடைக்க வேணாம். கீழ டைல்ஸ மட்டும் பாருங்க” என்றேன். அவர் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

என் மனைவி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று காலை டூட்டி முடிந்து நாலு மணிக்கு வந்தாள். டீ போட்டுக்கொண்டிருந்தவளிடம் தகட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் இருவருக்கும் கன்னியாகுமரிக் கடற்கரைதான் ஊர்.

“இப்ப என்ன செய்யப் போறிய?” என்று கேட்டாள்.

“தெரியல்ல. எப்படியும் அந்த அம்மா அடைக்கத்தான் சொல்லுதாவ. அடைச்சிட்டு வந்திட்டா ஒருத்தருக்கும் தெரியாது.”

“அந்த அண்ணன் உயிரோட இருக்காரா?”

“இருக்காரு.”

அவள் டீயை வடிகட்டிக்கொண்டே சொன்னாள். “அப்ப சொல்லிருங்க. வார்டுல நாங்க மருந்து மாத்திக் குடுத்தா அன்னைக்கே சொல்லணும். நீங்க கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்.”

அவள் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, அத்தனை பேர் முன்னால் இருமிக்கொண்டு நின்றிருக்கக்கூடிய அந்த மனிதரை நினைத்தால்தான் சங்கடமாக இருந்தது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

மறுநாள் காலை உஸ்தாத் முற்றத்தில் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தார். தகட்டை அவர் முன்னால் வைத்தேன். என் அரபி வேலைக்குப் போதுமே தவிர இந்த மாதிரிப் பேச்சுக்குப் போதாது. உருதுவையும் கையையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். “உங்க அண்ணன் சரியாத்தான் கட்டியிருக்காரு உஸ்தாத். அடைச்சது நான். அது என் தப்பு.”

அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பழத்தை எடுத்தார், வாயில் போடாமல் மறுபடி தட்டிலேயே வைத்தார். பிறகு போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். “உடனே வா. இல்ல, யாருக்கும் ஒண்ணும் இல்ல. நீ வா” என்று மட்டும் சொன்னார்.

அரை மணி நேரத்தில் அண்ணன் வந்தார். உயரமான மனிதர், ஹஜ்ஜி என்று கூப்பிட்டார்கள், எழுபதைத் தாண்டியிருப்பார். மூட்டுவலி, தடி வைத்திருந்தார். தம்பி சொல்லச் சொல்ல முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, “மாடிக்குப் போகணும்” என்றார். வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்லியும் கேட்கவில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். நான் தகட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

மாடியில் வலை கழற்றிய திறப்புக்குள் கையை விட்டு, சிலிக்கான் ஒட்டியிருந்த விளிம்பைத் தடவினார்.

“இந்தத் தகட்டுல என்ன எழுதியிருக்கே?”

படித்து அர்த்தம் சொன்னேன்.

“இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னேன்.

“ஏன் எடுக்கல?”

“லீவுல போனேன் ஹஜ்ஜி. கல்யாணத்துக்கு.”

“பிள்ளைங்க?”

“ரெண்டு.”

“மாஷா அல்லாஹ்” என்றார், கொஞ்சம் வேண்டாவெறுப்பாக. பிறகு புகைபோக்கி மேலேயே கையை வைத்துக்கொண்டு சொன்னார். “இதோட கழுத்து நாலு விரல் குறுகலாப் போச்சுன்னு நெனச்சேன். படுத்தா அந்த நாலு விரல்தான் ஞாபகம் வரும். எங்கே அளவு தப்பாச்சு, எங்கே தப்பாச்சுன்னு யோசிப்பேன்.”

“மன்னிச்சிருங்க ஹஜ்ஜி.”

அவர் படியில் இறங்கத் தொடங்கினார். கீழே இறங்கியதும் அவருடைய கோபம் வெளியே வந்தது. ஆனால் அது என் மேல் இல்லை. தம்பியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

“இவன் மறந்துட்டான், சரி. நீ ஏன் சிரிச்சே? எல்லாரோடயும் சேர்ந்து நீயும் சிரிச்சியே! ஒரு தடவை மேல ஏறிப் பார்க்கலாம்னு உனக்குத் தோணலியே?”

“நீயும் பார்க்கலியே” என்று தொடங்கிய உஸ்தாத் பாதியில் நிறுத்திக்கொண்டார். எழுந்து போய் அண்ணனின் தலையில் முத்தம் வைத்தார். இங்கே மூத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பதும் மரியாதை செய்வதும் அப்படித்தான். பெரியவர் சற்று நேரம் விறைப்பாக நின்றார். அப்புறம் தம்பியின் தோளைத் தட்டிவிட்டு, உட்கார ஒரு நாற்காலி கேட்டார். ஹாலுக்குள் கொண்டுபோய்ப் போடச் சொன்னார்.

உஸ்தாதின் மனைவி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “புகை போகுதோ இல்லையோ, அந்தப் பழுப்பு டைல்ஸ் இந்த வீட்டுல இருக்கக் கூடாது” என்றார்.

இரண்டு பக்கமும் பேசி ஒரு முடிவுக்கு வர அந்தக் காலைப்பொழுது முழுதும் ஆயிற்று. நெருப்புக் குழியும் உள்ளே இருக்கும் செங்கல்லும் அப்படியே இருக்கும். வெளியே பழுப்பு டைல்ஸை எடுத்துவிட்டு மணல் நிறக் கல் பதிப்போம். பக்கத்துப் படிகளைக் குறைத்து, அகலமான ஒரே ஒரு கல் பலகை. முன்னால், பொறி தெறிக்காமல் இருக்கக் கண்ணாடிக் கதவு. டிவி எதிர்ச் சுவருக்குப் போகும். மார்பிளை அந்த அம்மா விட்டுக்கொடுத்தார். கல்லின் நிறத்தை மட்டும் தானேதான் தேர்ந்தெடுப்பேன் என்றார். எலக்ட்ரிக் பெட்டியை ஹஜ்ஜி தன் வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். தன் மனைவிக்கும் மூட்டுவலி, படுக்கையறையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவர் வீட்டில் விறகு எரிக்க இடமில்லையாம்.

அடுத்த ஒன்பது நாளும் அவர் வந்தார். கணப்புக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு, தடியாலேயே எங்களுக்கு வழி காட்டினார். மேஸ்திரிக்கு அரபி வராது, அவருக்குத் தமிழ் வராது. இருந்தும் இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். “அண்ணே, ரசமட்டம் வெச்சுக் காட்டுறேன், அப்பவும் கோணலா இருக்குங்கிறாரு” என்று மேஸ்திரி என்னிடம் முறையிடுவார். போய்ப் பார்த்தால் ஒரு நூல் அளவு கோணல் இருக்கத்தான் செய்யும். தகடு என் கைவேலை என்பது அதில் மூன்றாம் நாளே மேஸ்திரிக்குத் தெரிந்துபோயிற்று. அதன் பிறகு அவர் டீ வாங்கப் போனால் எனக்கும் சேர்த்து வாங்கி வந்தார்.

எங்கள் கடை முதலாளியான கஃபீலிடமும் நானே சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, “வேற எந்த வீட்டுலயாவது இப்படித் தகடு வெச்சிருக்கியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப போய் வேலையப் பாரு” என்று அனுப்பிவிட்டார்.

வேலை முடிந்து கல் காய்ந்ததும் ஒரு வியாழக்கிழமை மாலை எங்களையும் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். விறகை ஹஜ்ஜியே அடுக்கினார். அவர் கிழித்த முதல் தீக்குச்சி அணைந்துபோனது. இரண்டாவது குச்சியில் சுள்ளி பற்றியது. புகை முதலில் குழிக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு யாரோ மேலேயிருந்து இழுப்பதுபோல் ஒரே போக்காக மேலே போய்விட்டது.

யாரோ ஒரு பையன் முற்றத்திலிருந்து “தெரியுது, தெரியுது!” என்று கத்த, எல்லோரும் வெளியே போனோம். மாடிக்கு மேலே மெல்லிய சாம்பல் நிறத்தில் புகை எழுந்து, கடல் பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. குளிராக இருந்ததால் மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே திரும்பிவிட்டார்கள். ஹஜ்ஜி மட்டும் தடியை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “காவா ஆறிப்போகும், வா” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் படியேறினார்.