இரண்டாம் நம்பர் குழிவீட்டுக் காற்று

1. சிலிண்டர்

வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு முதலில் காட்டப்பட்டது ஒரு கேஸ் சிலிண்டர். ஆள் உயரம், சுவரோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டியிருந்தது.

"இதுல என்ன இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார் டாக்டர் சன்யால். அவர்தான் புராஜெக்ட் தலைவர். பேசியது வங்காள மொழியில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"கார்பன் டை ஆக்சைடு, ஸார்."

"வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காற்றைவிட கனம், தரையில போய்ப் படுத்துக்கும். அதை மட்டும் மறந்துடாதே."

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு தீவனப் பயிர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். டெம்பரரி போஸ்ட், புராஜெக்ட் நடக்கும்வரைதான் வேலை. துறைமுக ஆபீசிலிருந்து அப்பா ரிடையராகிவிட்டதால், பெஹாலாவில் இருந்த எங்கள் வீட்டில் சம்பளக்காரி நான் ஒருத்திதான்.

ஆராய்ச்சி இதுதான். கரியும் பெட்ரோலும் எரிக்க எரிக்க உலகத்துக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகிறது. நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் அது எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்தக் காற்றை இப்போதே ஓர் அறைக்குள் உண்டாக்க வேண்டும். அதில் மாட்டுத் தீவனமான கினிப்புல் எப்படி வளர்கிறது, புல்லைத் தின்னும் படைப்புழு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

யாரோ ஒரு காலத்தில் ஆர்கிட் வளர்ப்பதற்காகக் கட்டிய இரண்டு கண்ணாடி வீடுகள் தோட்டத்தில் இருந்தன. பாதி மண்ணுக்குள் இறங்கியவை, கதவைத் திறந்து ஐந்து படி இறங்க வேண்டும். குழிவீடு என்று நான்தான் பெயர் வைத்தேன். ஒன்றாம் நம்பரில் சாதாரணக் காற்று. இரண்டாம் நம்பரில் வெளிக்காற்றோடு சிலிண்டர் கேஸைக் கொஞ்சமாகக் கலந்து ஒரு ஃபேன் உள்ளே தள்ளும். அந்த அளவில் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஃபேன் நின்றால் கலப்பதற்குக் காற்று வராது, கேஸ் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

"கரென்ட் போனா வால்வை மூடிடணுமா ஸார்?"

"பத்து நிமிஷத்துல வந்துட்டா மூடாதே. மூடித் திறந்தா ரீடிங் பாழாயிடும். அதுக்கு மேல போனா மூடு. அது உன் பொறுப்பு."

கல்கத்தாவில் அப்போது தினமும் லோட்ஷெடிங். எத்தனை நிமிஷத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. சரி ஸார் என்றேன்.

2. எச்சம்

புல் நன்றாகவே வளர்ந்தது. மூன்றாவது மாதம் இரண்டாம் நம்பர் புல் ஒன்றாம் நம்பரைவிட உயரமாக, அடர்த்தியாக நின்றது. சன்யால் ஸாருக்குச் சந்தோஷம். "பாத்தியா, காற்று மாறினா மாட்டுக்குத் தீவனம் ஜாஸ்திதான்" என்று டில்லிக்கு முதல் ரிப்போர்ட் அனுப்பினார்.

அதற்கப்புறம் புழுக்களை விட்டோம். இரண்டு வீட்டிலும் ஒரே எண்ணிக்கை.

எங்கள் மாலி, அதாவது தோட்டக்காரர், நிமாய்தா. ஐம்பது வயது இருக்கும். புல்லுக்குத் தண்ணீர் விடுவது, தரையில் வைத்த தட்டுகளில் விழும் புழு எச்சத்தைப் பெருக்கி எடுப்பது அவர் வேலை. அங்கே 'தா' என்றால் அண்ணன், 'திதி' என்றால் அக்கா. ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "திதி, ஒண்ணாம் நம்பர்ல ஒரு தடவை பெருக்கினா போதும். ரெண்டாம் நம்பர்ல ரெண்டு தடவை பெருக்க வேண்டியிருக்கு."

"புழு ரெண்டுலயும் ஒண்ணுதானே, நிமாய்தா?"

"நீங்களும் நானும் எண்ணித்தானே விட்டோம்?"

எச்சம் அதிகம் என்றால் தீனியும் அதிகம். இலைகளை எடை போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நம்பரில் நிறையவே தின்றிருந்தன. புரதச் சத்துக்கு ஆதாரம் நைட்ரஜன்; இலையில் அதை டெஸ்ட் செய்தேன், குறைந்திருந்தது. அதாவது புல் தழைத்திருக்கிறது, சத்து இல்லை. அந்தச் சத்துக்காகப் புழு இன்னும் இன்னும் தின்கிறது.

அன்று சாயங்காலம் பஸ் பெஹாலாவில் ஒரு மாட்டுக்கொட்டகையைத் தாண்டியது. எருமைகள் வரிசையாகத் தலை குனிந்து புல் மென்றுகொண்டிருந்தன. வழக்கமாகப் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு என்னால் பார்க்க முடியவில்லை. வயிறு நிறையத் தின்றும் மெலிந்துபோகிற மாடுகள், மிச்சப் புல்லை மொட்டையடிக்கிற புழுக்கள் என்று மனசு எங்கெங்கோ போனது.

மறுநாள் ஸாரிடம் காட்டினேன். நோட்டைத் தள்ளி வைத்தார்.

"தப்பா எடை போட்டிருக்கே. திரும்பப் போடு."

"ரெண்டு தடவை போட்டேன் ஸார்."

"மூணாவது தடவை போடு. புல் நல்லா வளருதுன்னு நான் எழுதி அனுப்பியாச்சு. இப்ப போய் வேற மாதிரி சொன்னா இந்த புராஜெக்டை வெச்சிருப்பாங்களா? உனக்கு வேலை இருக்குமா?"

நான் போட்ட எடை தப்பாக இருந்தால் என் வேலை போகும். சரியாக இருந்தாலும் போகும். அதைவிடப் பெரிய பயம், அது சரியாக இருந்துவிடுமோ என்பது.

3. ஃபேன் சத்தம்

சித்திரை வெயில், மத்தியானம் இரண்டு மணி. குழிவீட்டுக்குப் பக்கத்து அறையில் மூன்றாவது தடவையாக எடை போட்டுக்கொண்டிருந்தேன். என் தராசு கரென்டில் ஓடுவதில்லை. ஜன்னலில் நல்ல வெளிச்சம், அதனால் விளக்கும் போடவில்லை. ஒவ்வொரு இலையாக வைத்து எழுதினேன். மறுபடியும் அதே முடிவுதான் வந்தது. உடம்பெல்லாம் வேர்த்தது. பயத்தில் வேர்க்கிறது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் மின்விசிறி நின்றிருந்தது.

எப்போது நின்றது? தெரியவில்லை. குழிவீட்டு ஃபேன் சத்தமும் இல்லை.

ஓடினேன். குழிவீட்டுக்கு வெளியே சிலிண்டர் தலையில் ரெகுலேட்டரைச் சுற்றி வெள்ளையாகப் பனி. அது அவ்வப்போது உறைந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பு விட்டதும் கேஸ் மொத்தமாகப் பாயும். அன்றும் பாய்ந்துகொண்டிருந்தது. வால்வை மூடிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நிமாய்தா புழுத் தட்டுக்குப் பக்கத்தில் குப்புற விழுந்து கிடந்தார். விளக்குமாறு கையில்.

கதவைத் திறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. மூச்சு தாங்காமல் வாய் திறந்ததும், சோடா குடித்தால் மூக்கில் ஏறுமே, அந்தச் சுருக்கு. நெஞ்சு படபடவென்று அடித்தது. கண் இருட்டியது. எப்படிப் படியேறினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. வெளியே புல்தரையில் கைகளை ஊன்றி இருமினேன்.

கேட்டிலிருந்து தர்வான், எங்கள் காவலாளி, ஓடி வந்தார். நேராக உள்ளே இறங்கப் போனவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "இறங்காதீங்க! நீங்களும் விழுந்துடுவீங்க! அந்தத் தண்ணி ஹோஸை எடுங்க!"

ஹோஸின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். "நான் கட்டிட்டு வந்ததும் இழுங்க. நான் வரலேன்னாலும் இழுங்க."

மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நிமாய்தாவின் கக்கத்துக்கு அடியில் ஹோஸை விட்டு இரண்டு முடிச்சுப் போட்டேன். முதல் முடிச்சு நிற்கவே இல்லை. ஏறி வந்து இருவருமாக இழுத்தோம். ஒவ்வொரு படியிலும் அவர் தலை இடித்த சத்தம் கேட்டது. அவரைப் புல்லில் போட்டபோது முகம் சாம்பல் நிறம். மூக்கில் கை வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. காலேஜில் கற்ற முதலுதவியை நினைத்து அவர் வாயில் வாய் வைத்து ஊதினேன். தர்வான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ராமா ராமா என்றார். எத்தனை தடவை ஊதினேனோ, நிமாய்தா ஒரு பெரிய மூச்சு இழுத்து வாந்தியெடுத்தார். நான் உட்கார்ந்து அழுதேன்.

4. கடிதம்

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டார் என்று தெரிந்த அன்று சன்யால் ஸார் என்னைக் கூப்பிட்டார். டைப் செய்த ஒரு தாளை நீட்டினார். 'அனுமதியில்லாமல் மாலி உள்ளே சென்றதால் நேர்ந்த விபத்து.'

"சைன் பண்ணு."

"அவர் அனுமதியில்லாம போகலை ஸார். தினமும் ரெண்டு மணிக்குப் பெருக்கறது அவர் வேலை. கரென்ட் போனதை நான்தான் கவனிக்கலை."

"அப்படி எழுதினா முதல்ல போறது நீ."

"தெரியும் ஸார்."

"அடுத்தது நான்." அவரும் பயந்துபோயிருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது.

நானே ஒரு கடிதம் எழுதினேன். வால்வை மூட வேண்டியது என் பொறுப்பு என்றும், பத்து நிமிஷம் மூடாதே என்று எனக்குச் சொல்லப்பட்டது என்றும், குழிக்குள் இந்தச் சோதனையை வைத்ததே தப்பு என்றும். நேராகப் பெரிய ஆபீசில் கொடுத்தேன். வீட்டில் சொன்னபோது அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "வேலை போனா போகட்டும். உள்ள ரெண்டு தடவை இறங்கினியாமே, உனக்கு ஏதாவது ஆயிருந்தா?" பல வாரம் தூக்கத்தில் முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது.

புராஜெக்ட் நின்றது. ஆறு மாதம் எனக்கு வேலை இல்லை; ஜாதவ்பூரில் டியூஷன் எடுத்தேன். பிறகு வேறு ஒருவர் பொறுப்பேற்று என்னைத் திரும்பக் கூப்பிட்டார். இந்தத் தடவை சமதரையில், மேலே திறந்த கூண்டுகள். கரென்ட் போனால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு. சன்யால் ஸார் வேறு பிரிவுக்கு மாறியிருந்தார். வராந்தாவில் எதிரே வந்தால் தலையசைப்பார், அவ்வளவுதான்.

அதே புல், அதே புழு. இலையை எடை போட்டேன். எந்தத் தப்பும் இல்லை, முதலில் வந்த முடிவுதான் மறுபடியும் வந்தது.

5. நிமாய்தா கேட்டது

நிமாய்தாவும் வேலைக்குத் திரும்பினார். அடிக்கடி தலைவலி வரும். கூண்டுப் பக்கம் மட்டும் போக மாட்டார், நானும் கூப்பிடவில்லை. ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"ஊர் முழுக்க இந்தக் காற்றுதான் வரும்னா, எல்லாரும் என்னை மாதிரி விழுந்துடுவாங்களா, திதி?"

"இல்ல நிமாய்தா. அவ்வளவு கேஸ் வராது. யாருக்கும் மயக்கம் வராது. புல்லும் பச்சையாத்தான் இருக்கும். சத்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறையும். புழு கொஞ்சம் ஜாஸ்தியா தின்னும்."

"யாராவது விழுந்தாத்தானே ஓடி வருவீங்க?"

நான் எடை நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கேஸ் இருக்கிற இடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், ஒருவர் வெளியே நிற்கட்டும். கரென்ட் போனால் முதலில் வால்வு, அப்புறம்தான் நோட்டு. உங்களைப் பயமுறுத்துகிற ரீடிங் வந்தால் மறுபடி எடுங்கள், ஆனால் அது வேறு மாதிரி வர வேண்டும் என்று எடுக்காதீர்கள். நான் அப்படி எடுத்துக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில்தான் பக்கத்துக் குழிவீட்டில் ஒரு மனிதர் மூச்சில்லாமல் விழுந்தார்.