ஏணி மேல் நின்றபோது கேட்ட குரல்

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதம் புதுச்சேரியில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. பகலில் பஞ்சாலை வேலை, மாலையில் மைக் செட். ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு மைக், நான்கு குழாய் ஸ்பீக்கர், ஒரு மூங்கில் ஏணி. இவ்வளவுதான் என் சொத்து. ஆனால் ஏணியில் ஏறிவிட்டால் எனக்குக் கவர்னர் என்ற நினைப்பு வந்துவிடும்.

அந்த வருஷம் எங்கள் தெருக் கோயிலுக்கு ஒரு துறவி வந்தார். காசியிலிருந்து நடந்தே வந்தவர் என்றார்கள். எந்த ஊரிலும் மூன்று இரவுக்கு மேல் தங்கமாட்டாராம். மழைக்காலத்தில் மட்டும், நடந்தால் புழு பூச்சி மிதிபடும் என்று ஒரே இடத்தில் இரண்டு மாதம் இருப்பது துறவிகள் வழக்கம். அந்த இரண்டு மாதம் எங்களுக்கு வாய்த்தது. இரண்டு காவித் துண்டு, ஒரு கமண்டலம், துணியில் கட்டிய புத்தக மூட்டை தவிர அவரிடம் எதுவும் இல்லை. அடுப்பைத் தொடமாட்டார். தினம் ஒரு வீட்டில் ஒரு வேளை வாங்கிச் சாப்பிடுவார். பேரும் ஊரும் கேட்கக் கூடாது என்று சொன்னதால் நாங்கள் கேட்கவில்லை.

தினம் சாயங்காலம் கோயிலில் என் மைக்கில்தான் பேசுவார். நாலைந்து பாஷை படித்த பண்டிதர் அவர். ஆனால் ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து உட்காருகிற எங்களுக்கும் புரிகிற மாதிரிப் பேசுவார். எதிரே இருப்பவன் வேறு, நான் வேறு என்று நினைக்கும்போதுதான் பயம் வருகிறது என்று அடிக்கடி சொல்வார். நான் இதையெல்லாம் காதில் வாங்கியதே இல்லை. குழாய் கத்தாமல் இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

அப்போது என் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா; 'சொல்தா வீடு' என்றால் எல்லோருக்கும் தெரியும். சம்பந்தி வீட்டுக்கு நன்றாகக் கேட்கட்டும், இது யார் செட் என்று தெரியட்டும் என்று ஒரு குழாயை அவர்கள் வீட்டு எதிர்க் கம்பத்திலேயே கட்டினேன்.

அவர்களிடம் நாங்கள் ஒன்றைச் சொல்லவில்லை. என் மகளுக்கு வலிப்பு உண்டு. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும். மாத்திரை சாப்பிட்டு வந்தாள். சொல்லிவிடலாம் என்று என் மனைவி தினமும் அழுதாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள், நாம் பொய்கூடச் சொல்லவில்லை, சும்மாதானே இருக்கிறோம் என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் பேச்சு முடிந்து கூட்டம் கலைந்தது. சம்பந்தி வீட்டுக் குழாய் கரகரக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். சரிசெய்யும்போது சத்தம் வந்தால்தானே தெரியும்? அதனால் ஆம்ப்ளிஃபையரை அணைக்கவில்லை. மைக் குமிழையாவது குறைத்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. மைக் கட்டுபவன் முதல் நாளே படிக்கிற பாடம் அது.

ஏணி உச்சியில் நின்று வயரை முறுக்கிக்கொண்டிருந்தேன். கீழே வாசலில் சம்பந்தியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அப்போது என் முகத்துக்கு நேரே, குழாயிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"சாமி, எம் பொண்ணு கல்யாண விஷயம். மாப்ள ஊட்டாருக்கு ஒண்ணு சொல்லாம மறைச்சிட்டம்..."

கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. வயரை வெட்டியிருந்தால் அந்தக் குழாயாவது நின்றிருக்கும். கை வரவில்லை. மற்ற மூன்று குழாயும் மூன்று தெருவுக்கு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் குழாயால் கெட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வார்த்தை வரவில்லை. பதிலாக, இடி மாதிரி சாமியின் குரல் சுலோகம் சொல்ல ஆரம்பித்தது. அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. மூச்சு விடாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.

சம்பந்தியம்மா முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "யாரோ பொம்பள பேசுன மாதிரி இருந்துச்சே?" என்றார். குழாய் கரகரப்பில் அவருக்குக் குரல் அடையாளம் தெரியவில்லை. நான் இறங்கி ஓடினேன். ஏணியைக்கூட எடுக்கவில்லை.

கோயிலில் பாதிக் கூட்டம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. என் மனைவி தூண் ஓரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் பேசியது வாசல் குழாயிலிருந்து திரும்பி வந்ததைச் சாமி கவனித்திருக்கிறார். பேசாதே என்று அவளுக்குக் கையைக் காட்டிவிட்டு ஆரம்பித்தவர், எந்தக் குமிழைத் திருகுவது என்று தெரியாமல், நான் வரும்வரை நிறுத்தவே இல்லை. நான் போய் அணைத்தபோது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கூட்டம் மறுபடி கலைந்ததும் காலில் விழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தி வீட்டுக் காதில் விழாமல் காப்பாற்றிவிட்டீர்கள் சாமி என்று அழுதேன். அவர் கமண்டலத்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, காற்றாகப் போன குரலில் சொன்னார்.

"ஊரு கேக்கக் கூடாதுன்னுதான் கத்துனேன். அவங்க கேக்கக் கூடாதுன்னு கத்தல."

என்னைத் திட்டவில்லை. கோயில் குழுவினர் மைக் செட்காரனை மாற்றச் சொன்னபோது, கடைசி நாள் வரை இவர் செட்தான் இருக்கணும் என்று சொல்லிவிட்டாராம். மூன்று நாள் அவரால் பேச முடியவில்லை. அந்த மூன்று நாளும் ஜனங்கள் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் காலையிலேயே நானும் மனைவியும் சொல்தா வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். சம்பந்தி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, என்ன மாத்திரை என்று மட்டும் கேட்டார். அந்தம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். பன்னிரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. கல்யாணம் நின்றது என்றே முடிவு செய்துவிட்டோம். பதின்மூன்றாம் நாள் அந்தம்மா தனியாக வந்து, டாக்டரைப் பார்க்க என் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து என் மனைவியிடம், "இத நாங்களா பின்னால கண்டுபுடிச்சிருந்தா உங்க மூஞ்சில முழிச்சிருக்க மாட்டம்" என்றார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

மார்கழியில் ஒரு காலை. சோறு வடிக்கப் பானையைத் தூக்கும்போது என் மகளுக்கு வலிப்பு வந்தது. விழுந்தது அடுப்பின் மேல் இல்லை, மாமியார் கையில். ஓடிப்போய்ப் பார்த்தபோது கொதிக்கிற கஞ்சி பட்டு அந்தம்மாவின் முழங்கை கொப்பளித்திருந்தது. என் பெண் மேல் ஒரு சொட்டு இல்லை. "அவ அடுப்பாண்ட நின்னா நான் பக்கத்துலயேதாண்ணே இருப்பேன். நீங்கதான் சொன்னீங்கல்ல" என்றார்.

இதைச் சொல்லச் சாமி ஊரில் இல்லை. மழைக்காலத் தங்கல் முடிந்த மறுநாள் விடியற்காலையிலேயே கடலூர்ச் சாலையில் நடந்து போய்விட்டார். பேர் தெரியாது, போன இடம் தெரியாது. மைக்கும் குழாயும் விற்று வெகுநாளாகிறது. ஆனால் என் மகள் பெற்ற பிள்ளைகள் வந்து மடியில் உட்காரும்போதெல்லாம், எங்களுக்காகத் தொண்டையைக் கொடுத்த அந்த மனிதரை நினைத்துக் கைகூப்புகிறேன்.