வெண்டலுக்கு ஈடாக டெல்மர்

பேஸ்பால் பருவம் முடிகிற அன்றைக்குத்தான் டெல்மர் ஹாஃப்ஸ்டாடுக்கு வேலை தொடங்கும். மைதானத்தில் ஆள் இருக்காது; ஆடுகளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். இனி வசந்தம் வரைக்கும் யாரைக் கொடுப்பது, யாரை வாங்குவது, யாருக்கு எத்தனை மில்லியன் சம்பளம் என்பதையெல்லாம் அணியின் முதலாளிதான் முடிவு செய்கிறார் என்று மினசோட்டாவில் ஒரு நம்பிக்கை உண்டு. டெல்மர் அதை ஒப்புக்கொண்டதில்லை.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டிய காலத்தில், ஆளைக் கொடுத்து ஆளை வாங்கும் தன் 'ட்ரேட்' யோசனைகளைக் கேட்க ஆள் பஞ்சம் இருந்ததில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் எங்கே இறங்கி ஓடுவது? பிர்ச் ஏரிப் பக்கம் கணக்குப் பாடத்தில் தேறாதவர்கள்கூட, நீண்ட ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு வருடம் ஓர் அணியின் கழுத்தை எப்படி அறுக்கும் என்று விளக்குவார்கள். எல்லாம் பஸ்ஸில் கற்றது. ஓய்வுக்குப் பிறகு மனைவி லோர்ணா மட்டும் மிஞ்சினாள். அவள் ஒரு நவம்பர் முழுக்கப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் ட்ரேட் பேச்சு கூடாது என்று சட்டம் போட்டாள். பிறகு அந்தச் சட்டம் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் காருக்கும் நீண்டது.

"நீ ஒருத்தனக் குடுத்து இன்னொருத்தன வாங்குறதுக்குள்ள என் சூப்பு ஆறிப்போகுது டெல்மர்" என்றாள்.

ஆக, ஏரிதான் கதி. டிரக் ஓடுகிற அளவுக்கு ஏரி உறைந்து இறுகியதும் அதன்மேல் மீன்பிடிக் குடில்கள் முளைக்கும். பிளம்பர் ராய்ஸின் குடிலில் ஓர் அடுப்பு, பனித்தரையில் தூண்டில் இறக்க மூன்று துளைகள், கவிழ்த்துப் போட்ட மூன்று வாளிகள். ஒன்றில் ராய்ஸ், ஒன்றில் பால்பண்ணை லைல், அடுப்போரத்து வாளியில் டெல்மர். வாய் திறந்து பேச உலகத்தில் அவருக்கு அனுமதி இருந்த ஒரே இடம் அந்த வாளிதான்.

"டோரன்ஸத் தள்ளிவிட்டுரணும்" என்று மினசோட்டா அணியின் முதல் பேஸ் ஆட்டக்காரனைப் பற்றி அன்றைக்கும் ஆரம்பித்தார். "முப்பத்தஞ்சு வயசு. முட்டி போச்சு. இன்னும் மூணு வருஷத்துக்கு இருபது இருபது மில்லியனாக் கொட்டி அழணும். இப்பவே சியாட்டில்காரன் தலையில கட்டிட்டு, பந்து வீசுற சின்னப் பசங்க ரெண்டு பேர வாங்கிரணும்."

"யோவ், டோரன்ஸ் நம்ம ஆளுய்யா" என்றார் ராய்ஸ். தன் நாய்க்கே அந்தப் பெயரை வைத்தவர். "எத்தன வருஷமா நமக்காக ஆடுறான்!"

"ஆடினான். கூலி வாங்கினான். தீந்துச்சு. பாசம் பாத்தா கோப்பை வராது ராய்ஸ்."

"முட்டி போனவன வாங்க சியாட்டில்காரன் என்ன கேனையனா?"

"அதனாலதான் நான் போய்ப் பேசணும்கிறேன்."

லைல் வழக்கம்போல் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மாடுகளும் அப்படித்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

தூண்டில் புழு தீர்ந்ததால் டெல்மர் கரைக்கடைக்குப் போனார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, அவருடைய வாளியில் வெண்டல் உட்கார்ந்திருந்தார். வெண்டல், பக்கத்துக் குடில் தபால்காரி ஜனெலின் தம்பி. வெங்காயம் போட்டு மீன் வறுப்பதில் கெட்டிக்காரர். பேச்சு என்பது வாய்க்குச் சம்பந்தமில்லாத காரியம் என்று நினைப்பவர். வாசலோரம் டெல்மரின் ஃபிளாஸ்கும் மெத்தைத் திண்டும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"உன்ன ட்ரேட் பண்ணிட்டோம்டா" என்றார் ராய்ஸ்.

டெல்மர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. வாணலியில் எண்ணெய் மட்டும் சடசடத்தது.

"ஜனெல் வந்திருந்தா. தம்பி வாயே திறக்க மாட்டேங்குறான், பைத்தியம் பிடிக்குதுன்னா. எங்களுக்கு ஒருத்தன் வாய மூடவே மாட்டேங்குறான்னேன். பேசி முடிச்சுட்டோம். நீதானடா சொன்ன, பாசம் பாத்தா கோப்பை வராதுன்னு."

டெல்மருக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, பனி விரிசல் விடுகிற மாதிரி, தூரத்தில் சத்தம் போட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பதிலுக்கு வெண்டல். சரி. அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"வேற ஒண்ணுமே வாங்கலையா? ஆளுக்கு ஆளு, அவ்வளவுதானா?" டெல்மரின் காது சிவந்துவிட்டது. "மூளை இருக்கா உனக்கு? குடில இழுத்து வந்தது யாரு டிரக்கு? பனி உருகுறதுக்கு முன்னாடி கரைக்கு இழுக்கப் போறது யாரு டிரக்கு? நான் போனா டிரக்கும் போகுதுல்ல? மீன் வறுக்கிற ஒருத்தனுக்காக டிரக்கோட சேத்து ஒரு ஆளக் குடுத்தியா? உன்ன ஏமாத்திட்டாடா அவ!"

திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே பக்கத்துக் குடிலுக்குப் போனார்.

"ஏம்மா ஜனெல், இது நியாயமா? ராய்ஸ் ஒரு அப்பாவி. அவனுக்கு நீ இன்னும் ஏதாவது குடுத்தாகணும்."

ஜனெல் தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தா பாருங்க டெல்மர், நீங்க இப்ப எங்க ஆளு. எங்க குடில்ல நின்னுக்கிட்டு எதிராளிக்கு வக்காலத்து வாங்காதீங்க. கதவச் சாத்துங்க, குளிருது."

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது? சற்று நேரம் கழித்து, பழக்கத்தில், "டோரன்ஸ சியாட்டிலுக்குத் தள்ளிவிட்டுரணும்" என்றார்.

"சியாட்டில்காரனுக்கு முதல் பேஸ்ல ஏற்கெனவே நல்ல ஆளு இருக்கான்" என்றாள் ஜனெல். "பாதிச் சம்பளத்த நாமளே கட்டுறோம்னு சொன்னாலும் சீண்ட மாட்டான். டெட்ராய்ட்டுகிட்டப் பேசுங்க."

டெல்மர் திண்டோடு அவள் பக்கம் நகர்ந்தார். இத்தனை வருடத்தில் அவருக்குக் கிடைத்த பதில்கள் 'யோவ்' என்பதும் 'சூப்பு' என்பதும்தான்.

அன்றிலிருந்து நாள் தவறாமல் வாதம். தபால் வண்டியில் ரேடியோ கேட்டுக்கொண்டே ஊர் சுற்றுகிறவள் ஜனெல். அவர் ஒன்று சொன்னால் இரண்டு சொல்வாள். எல்லாம் இருந்தது. ஆனால் சாயங்காலம் டிரக்கை நோக்கி நடக்கும்போது ராய்ஸின் புகைக்குழாய்ப் பக்கம் டெல்மர் முகத்தைத் திருப்புவதில்லை. அங்கிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை வரும்; பேச்சுச் சத்தம் வராது. நான் இல்லாமல் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்போடு வீட்டுக்குப் போனால் சூப்பும் இறங்காது. "என்ன, யாரையாவது வித்துட்டியா?" என்று லோர்ணாவே வாய்விட்டுக் கேட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் ஜனெலின் கதவு தட்டப்பட்டது. ராய்ஸ், அவருக்குப் பின்னால் லைல், லைலுக்குப் பின்னால் கரண்டியோடு வெண்டல்.

"மீன் நல்லாத்தான் இருக்கு" என்றார் ராய்ஸ், யாரையும் பார்க்காமல். "ஆனா நேத்து ரேடியோவுல, டோரன்ஸ விடப்போறாங்கன்னு ஒரு செய்தி. எனக்கு ரத்தம் கொதிக்குது. யாருகிட்டக் கத்துறது? இவனுங்க ரெண்டு பேரும் அடுப்பப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. ஜனெல், டெல்மரத் திருப்பிக் குடு. வெண்டலக் கூட்டிட்டு வந்திருக்கேன். கூட ஒரு புது ஹீட்டரும் தர்றேன்."

டெல்மரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே பொறுப்பு வந்துவிட்டது.

"செய்யாத ராய்ஸ்" என்றார். "எனக்கு அறுபத்தெட்டு. என் முட்டியும் போச்சு. வெண்டலுக்கு அம்பதுகூட ஆகல, இன்னும் எத்தன வருஷம் வறுப்பான்! அதுக்கு மேல புது ஹீட்டரா? என்னை மாதிரி ஆளுக்கு யாராவது அவ்வளவு குடுப்பானா? இது கேடு கெட்ட ட்ரேடு. பின்னாடி வருத்தப்படுவ."

"அட, வேணும்னு வந்து நிக்கிறேன்டா மடையா!"

"வேணும்னு தோணுறத வச்சு டீம் நடத்த முடியாதுடா."

அப்போதுதான் லைல் வாயைத் திறந்தார். மாடு பேசியிருந்தால்கூட அவ்வளவு பேரும் அப்படித் திரும்பியிருக்க மாட்டார்கள்.

"பேஸ்பால்ல ஒரு விதி இருக்கே டெல்மர். ஒரே டீம்ல ரொம்ப வருஷம் இருந்துட்டா, அவன் சம்மதிக்காம ட்ரேட் பண்ண முடியாதுன்னு. எனக்கே தெரியும். உனக்குத் தெரியாதா? அன்னிக்கே 'முடியாது'ன்னு சொல்லியிருக்கலாமே."

டெல்மர் தூண்டில் கயிற்றைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"தெரியும்" என்றார். "யாரும் 'இரு'ன்னு சொல்லலையே."

துளைக்குள் கறுப்புத் தண்ணீர் மெல்ல ஏறி இறங்கியது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்துவிட்டு, திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"வந்து இருடா" என்றார்.

"வரேன்" என்றார் டெல்மர். "ஆனா ஹீட்டர் வேணாம். ஜனெலுக்குப் பதிலுக்கு வெண்டல மட்டும்—"

"என்னை யாராவது கேட்டீங்களா?"

கேட்டவர் வெண்டல். கரண்டியை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ரெண்டு தடவை குடுத்து வாங்கிட்டீங்க. ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"இப்பத்தான் வாயத் திறந்திருக்கு" என்று ஜனெல் ஆரம்பித்தாள்.

"ஜனெல், நீ சும்மா இரு. ராய்ஸ், நீயும்." டெல்மர் எழுந்துவிட்டார்; முட்டி வலி போன இடம் தெரியவில்லை. திண்டை எடுத்துத் தட்டி, வெண்டலை அதில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்றுகொண்டார். "சரியான கேள்விதான் கேட்டிருக்கான். இனிமே நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது வெண்டல், காரியம் கெட்டுப்போகும். உனக்காக நான் பேசுறேன்." ராய்ஸையும் ஜனெலையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்லுங்க. என் ஆளுக்கு யாரு என்ன குடுக்கிறீங்க?"