ஓடைக்காக ஒரு பொய்

ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். மலைக்காட்டு ஓடையிலிருந்து தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களுக்குத் தண்ணீர் திறந்துவிட ஒரு வாட்ச்மேன் இருந்தார். ஒல்லியான, கூன் விழுந்த மனிதர். பேசும்போதெல்லாம் ஈரமில்லாத கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டே இருப்பார்.

காட்டை அழித்து எண்ணெய்ப்பனை நட நிர்வாகம் முடிவு செய்தது. மறுநாளே ஓடைக்கரை மரங்களில் சிவப்புத் துணிகள் தொங்கின. முனியாண்டி குடியிருக்கும் மரங்கள் என்று ஆட்கள் வெட்ட மறுத்தார்கள். கட்டியவர் வாட்ச்மேன்தான்; விடியற்காலையில் நான் பார்த்துவிட்டேன். அவரை ஆபீசுக்குத் தனியாகக் கூப்பிட்டேன்.

“முனியாண்டி கனவுல வந்து சொன்னாரா, இல்ல போன் பண்ணாராய்யா?”

கையைத் துடைத்தார். “சாமி நான் சொன்ன பொய்தாங்க ஐயா. தண்ணி பொய்யில்லீங்க. காடு போனா ஓடையும் போயிரும்.”

“எல்லாரும் பாக்க நீயே அவுத்துரு லா. இல்லேன்னா நாளைக்கே வீட்டக் காலி பண்ணு.”

அவிழ்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகாததைக் கண்டு ஆட்கள் வெட்ட இறங்கினார்கள்; மரங்கள் விழுந்தன. அடுத்த வறட்சியில் ஓடை வற்றி, தண்ணீர் லோரியில் வந்தது. முனியாண்டியின் கோபம்தான் காரணம் என்று லயமே நம்பியது. தண்ணீர் வரிசையில் நின்ற வாட்ச்மேனை ஒரு பெண் பிடித்துத் தள்ளினாள்.

“துணிய அவுத்த கைக்குத் தண்ணி கேக்குதா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் லோரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். லோரி என் வீட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் அங்கே வந்திருந்தது. அவர் காலி வாளியோடு திரும்பி நடந்தார்.

அவிழ்க்க வைத்தது நான்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் என் பக்கம் திரும்பியிருக்கும். ஏன் சொல்லாமல் போனார் என்பது இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை.