சந்தனம் பட்டதும் கத்திய பெட்டிகள்

குழைத்த சந்தனமும் ஈயப் புகையும் கலந்த ஒரு வாசனை... ஆயுத பூஜை அன்று காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் ஷெட்டுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான்.

படித்து முடித்து நான் சேர்ந்த முதல் கம்பெனி. மீன்பிடி படகுகளுக்கு பீக்கன் செய்தோம். உச்சியில் விளக்கு வைத்த சிவப்புப் பெட்டி. படகு கவிழ்ந்து தண்ணீர் பட்டால் தானாக ஆன் ஆகி, சாட்டிலைட் வழியாகக் கடல் மீட்பு கன்ட்ரோல் ரூமுக்கு அபாயச் செய்தி அனுப்பும். முதலில் பெட்டியின் நம்பர் மட்டும் போகும். இடம் தெரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அந்த நம்பரை யார் பெயரில் பதிவது என்பதுதான் பெரிய கூத்து. பெட்டியைக் கொடுப்பது ஓர் ஆபீஸ், பெயர் பதிவது இன்னோர் ஆபீஸ், காப்பாற்றப் போவது வேறோர் ஆபீஸ். இவர்கள் பேசி முடிப்பதற்குள் படகு பல தடவை கடலுக்குப் போய்வந்துவிடும். அதுவரை பெட்டி எங்கள் கம்பெனி பெயரிலேயே இருக்கும்.

சூப்பர்வைசர் கோதண்டம் அண்ணன் ஸ்க்ரூடிரைவர் முதல் தன் பைக் வரை எதையும் பொட்டு வைக்காமல் விடமாட்டார். அந்த வருஷம் அனுப்பத் தயாராக இருந்த பெட்டிகளையும் வாசலில் மேஜை போட்டு அடுக்கிவிட்டார். நாங்களும் ஈரச் சந்தனத்தைத் தாராளமாக அப்பினோம். தண்ணீரைக் கண்டுபிடிக்கும் முனைகள் பெட்டியின் பக்கத்தில்தான் இருக்கின்றன என்பது, செய்த எங்களுக்கே அப்போது ஞாபகம் வரவில்லை.

பூசணிக்காய் உடைத்து, கையில் பொரி வாங்கியபோது போன் அடித்தது. கன்ட்ரோல் ரூம்.

"உங்க கம்பெனி பேர்ல நிறைய பீக்கன் கத்துது. படகு எங்க? எத்தனை பேர் இருக்காங்க?"

திரும்பிப் பார்த்தோம். பட்டப்பகலில், கடலே இல்லாத ஊரில், அத்தனை விளக்குகளும் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தன. அண்ணன்தான் போனில் பதில் சொன்னார்.

"சார், மன்னிச்சுக்கோங்க. பூஜை போட்டுக்கினு இருந்தோம்..."

ஓடி ஓடித் துடைத்து எல்லாவற்றையும் ஆஃப் செய்தோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னும் ஒண்ணு நிக்கல."

மேஜையில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

"உங்க பேர்லதான் வருது. கடைசி நம்பர் நாலு, ஏழு, ஏழு."

"உள்ள எங்கியாவது கெடக்கும் சார். அதுவும் எங்களுதுதான். வுட்டுடுங்க, நாங்களே ஆஃப் பண்ணி..."

"அண்ணே, இருங்க."

ஸ்டெல்லா. பேக்கிங்கில் என் பக்கத்து சீட். பழவேற்காட்டு மீனவக் குடும்பத்தில் பிறந்து காக்களூருக்கு வாக்கப்பட்டவள். பூஜையில் பொட்டு வைக்கமாட்டாள், பொரி மட்டும் இரண்டு பங்கு வாங்கிக்கொள்வாள். அந்தப் பொரி இப்போது அவள் விரல் இடுக்கு வழியாகத் தரையில் சிந்திக்கொண்டிருந்தது.

"அந்தப் பொட்டி இங்க இல்லண்ணே. நான்தான் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினேன். என் தம்பி போட்டுல கீது."

ஸ்டெல்லாவே போனை வாங்கினாள்.

"சார், அது பூஜை இல்ல சார். அது நெசம்."

சாயங்காலத்துக்குள், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்களைக் கரை சேர்த்துவிட்டார்கள். தம்பியும் பிழைத்துவிட்டான். பிறகொரு நாள் எங்களைப் பார்க்க வந்தவன் சொன்னான்: "லைட்டு மின்னிக்கினே இருந்துச்சு. அங்க யாரோ நம்மளப் பார்த்துக்கினு கீறாங்கன்னு தைரியமா இருந்தோம்."

'வுட்டுடுங்க' என்று அண்ணன் பாதியில் நிறுத்திய அந்தப் பேச்சை அவனிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை.

இப்போது அந்த ஆபீஸ்காரர்களெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்களாம். பெட்டியைக் கையில் வாங்கும்போதே படகுக்காரர் பெயர் ஏறிவிடுகிறது, போனும் நேராக அவர் வீட்டுக்கே போகிறது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். நானும் தேர்வாய் கண்டிகையில் உள்ள வேறு கம்பெனிக்கு வந்துவிட்டேன். எனக்கும் கடலுக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆனாலும்... ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஸ்டெல்லாவுக்கு ஒரு மெசேஜ் போடுவேன். "தம்பி கரையில இருக்கானா?"

"கீறான்" என்று பதில் வந்த பிறகுதான் சந்தனத்தில் கை வைப்பேன்.